தொட்டிக்குக் கதவு வைத்த கதை

"சார், அப்பாவை ஊரிலிருந்து இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருக்கிறோம். பாத்ரூமில் டப் இருக்கிறது. அவரால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. பக்கவாட்டில் கதவு வைத்த டப் என்று ஒன்று விற்கிறார்களாமே, அதை வாங்கிப் போடலாமா?"

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஏழு வருடம் ஆகிறது. இங்கே நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் நான்கு பேர் இதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நான் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுகிறவன். வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டு வருகிறவர்களின் எஸ்டிமேட்டைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை வந்து, அதற்காகக் கொஞ்சம் படிக்க வேண்டியதாயிற்று. படிக்கப் படிக்க இது பெரிய சரித்திரமாகப் போய்க்கொண்டே இருந்தது. கேட்டவர்களுக்கு போனில் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். டப் என்பது என்ன? தண்ணீரைத் தேக்கி வைக்க நாலு பக்கமும் சுவர். அந்தச் சுவர்தான் வயதானவர்களுக்கு எதிரி. அதைத் தாண்ட ஒரு காலில் நிற்க வேண்டும், இன்னொரு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்க வேண்டும். நனைந்த தரையில் இதைச் செய்ய வேண்டும். திரும்பி வரும்போது உடம்பே நனைந்திருக்கும். இந்தச் சுவரை என்ன செய்வது என்று மனிதர்கள் மூவாயிரம் வருடத்துக்கும் மேலாக யோசித்திருக்கிறார்கள்.

பைலோஸில் ஒரு படி

கிரேக்க நாட்டின் தென்மேற்கு மூலையில் பைலோஸ் என்ற இடத்தில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1200 வாக்கில் தீப்பிடித்து அழிந்துபோனது. கார்ல் பிளெகன் என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் 1939-ல் அங்கே தோண்ட ஆரம்பித்தார். உலகப் போரால் நின்றுபோன வேலை 1952-ல் மறுபடி தொடங்கியது. அங்கே கிடைத்தவற்றில் ஒன்று சுட்ட களிமண்ணால் செய்த குளியல் தொட்டி. இருந்த இடத்திலேயே, மேடையில் பதித்தபடி கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு படி கட்டியிருக்கிறார்கள்! ஏறி உள்ளே இறங்குவதற்காக.

அந்தப் படியைக் கட்டியவனுக்கு வயதான ராஜா யாராவது மனதில் இருந்தாரா என்று நமக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் தொட்டி என்று ஒன்று வந்த காலத்திலேயே "உள்ளே எப்படிப் போவது" என்ற கேள்வியும் வந்துவிட்டது என்பதற்கு அந்தப் படி சாட்சி.

நம் பக்கத்தில் அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்பாகவே வேறு வழி கண்டிருந்தார்கள். மொகஞ்சதாரோ என்றதும் எல்லோருக்கும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த பெருங்குளம் ஞாபகம் வரும். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம், இரண்டு பக்கமும் படிக்கட்டு. ஆனால் எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது அங்கே இருந்த சாதாரண வீடுகளின் குளியலறை. செங்கல்லை நெருக்கமாகப் பாவிய தரை. ஒரு மூலையைப் பார்த்துச் சரிவு. அந்த மூலையிலிருந்து தெருச் சாக்கடைக்கு வடிகால். தொட்டி கிடையாது. தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் வீட்டில் கிணற்றடியை ஒட்டி இருந்த குளியலறையும் இதேதான். இந்த ஊர் மராத்திக்காரர்களின் பழைய வீடுகளில் "மோரி" என்று ஒரு மூலை இருக்கும், அதுவும் இதேதான். நாலாயிரத்து ஐந்நூறு வருடமாக நாம் டிசைனை மாற்றவே இல்லை :-)

பாத் நகரத்து வளையங்கள்

இங்கிலாந்தில் பாத் என்ற ஊர். பெயரே குளியல்தான். பூமிக்குள்ளிருந்து சுமார் 46 டிகிரி சூட்டில் வெந்நீர் ஊற்று வருகிறது. ரோமானியர்கள் அங்கே பெரிய குளியல் மாளிகை கட்டினார்கள். அது இடிந்த பிறகு, 12-ஆம் நூற்றாண்டில் அந்த ஊற்றின் மேலேயே "கிங்ஸ் பாத்" என்ற குளத்தை அமைத்தார்கள். மூட்டுவாதம், பக்கவாதம், நடக்க முடியாத நோய் என்று நாடு முழுக்க இருந்து அங்கே வந்திருக்கிறார்கள்.

அந்தக் குளத்தின் சுவரில் இன்றைக்கும் உலோக வளையங்கள் பதித்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து, அங்கே குளித்துக் குணமானவர்கள் நன்றிக்கடனாகக் கொடுத்தவை. நாம் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர், கை கால் செய்து உண்டியலில் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இந்தக் காணிக்கையில் அடுத்து வருகிறவனுக்கும் ஒரு உபயோகம் இருந்தது. தண்ணீரில் நிற்கும்போது பிடித்துக்கொள்ளலாம். உட்கார்ந்தபடியே கழுத்தளவு நீரில் இருக்கச் சுவரோரம் கல் இருக்கைகளும் உண்டு. முடியாதவர்களைக் கையைப் பிடித்து இறக்க ஆட்களும் இருந்தார்கள்.

1742-ல் ஏழை நோயாளிகளுக்காகவே அங்கே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலிக்கு ஆங்கிலத்தில் ரொம்ப நாள் "பாத் சேர்" என்றே பெயர். அது இந்த ஊரின் பெயரால் வந்ததுதான். வீட்டிலிருந்து வெந்நீர்க் குளம் வரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதும் குளியலில் ஒரு பகுதி என்று புரிந்துகொண்ட ஊர் அது.

உட்கார இடம், பிடிக்கக் கம்பி, உதவிக்கு ஆள். இந்த மூன்றும் முன்னூறு வருடத்துக்கு முன்பே ஓர் ஊரில் சேர்ந்து இருந்திருக்கின்றன. குற்றாலத்து மெயின் அருவியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாட்டுத் தொட்டியிலிருந்து வந்த டப்

இப்போது நம் ஃபிளாட்டில் இருக்கிற டப்பின் பூர்வீகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர் விவசாயக் கருவிகள் வார்க்கிற பட்டறை வைத்திருந்தார். 1883-ல், குதிரை தண்ணீர் குடிக்கவும் பன்றியை வெந்நீரில் முக்கவும் உபயோகப்படும் ஒரு வார்ப்பிரும்புத் தொட்டியைச் சூடாக்கி, எனாமல் பூசி, நாலு கால் வைத்தால் குளிக்கும் தொட்டியாகவும் ஆகும் என்று தன் விற்பனைப் பட்டியலில் போட்டார். முதல் தொட்டியை ஒரு விவசாயி ஒரு பசுவும் பதினான்கு கோழியும் கொடுத்து வாங்கினாராம். அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிற கதை இது.

யோசித்துப் பாருங்கள். மாட்டுத் தொட்டிக்கு ஏன் உயரமான விளிம்பு? உள்ளே இருக்கிறது வெளியே வரக்கூடாது என்பதற்காக. அந்த விளிம்பை யாரும் அளந்து மனிதனுக்காக வைக்கவில்லை. 1911-ல் அதே நிறுவனம் முன்பக்கச் சுவரோடு ஒரே வார்ப்பாக, மூலையில் பொருத்திவிடுகிற டப்பைக் கொண்டுவந்தது. கால் வைத்த டப் போய், தரையோடும் சுவரோடும் ஒட்டிய டப் வந்தது. இன்றைக்கு ஃபிளாட்டில் பார்ப்பது இதன் பேரன். அழகுதான், சுத்தம் செய்யவும் சுலபம். ஆனால் மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் மதில்.

இந்தியாவுக்கு டப் வெள்ளைக்கார துரைகளோடு வந்தது. பங்களாவின் குஸல்கானாவில் சிறு தடுப்புக் கட்டிய மூலையில் துத்தநாகத் தொட்டி ஒன்று கிடக்கும். பிஸ்தி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். குளித்த பிறகு தொட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் சுவரோர ஓட்டை வழியே வெளியே போகும். துரை போனார், தொட்டி கொஞ்ச காலம் ஓட்டல்களில் மட்டும் இருந்தது. பிறகு "லக்சுரி" என்ற பெயரில் ஃபிளாட்டுகளுக்குள் வந்துவிட்டது. அதில் துணி ஊறவைக்கிற வீடுகளும், தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைக்கிற வீடுகளும் எனக்குத் தெரியும்.

போலியோவும் ஒரு தகப்பனின் பம்பும்

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921 ஆகஸ்டில், 39 வயதில், இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்தார். போலியோ என்றார்கள். 1924-ல் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே இயற்கையாகவே சுமார் 31 டிகிரி சூட்டில் ஊற்று நீர். தரையில் நிற்க முடியாத கால்கள் அந்தத் தண்ணீருக்குள் நின்றன. இதில் மாயம் ஒன்றுமில்லை. கழுத்தளவு நீரில் நின்றால் கால் தாங்க வேண்டிய பாரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். 1926-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார், அடுத்த வருடம் அதை ஒரு அறக்கட்டளையாக்கி மற்ற போலியோ நோயாளிகளுக்கும் திறந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் ஜனாதிபதியாக இருந்துவிட்டு 1945 ஏப்ரல் 12 அன்று இறந்ததும் அதே ஊரில்தான்.

ரூஸ்வெல்ட்டால் ஊற்றையே வாங்க முடிந்தது. வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? அதற்கு விடை சொன்னது கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஜகூஸி குடும்பம். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய அண்ணன் தம்பி ஏழு பேர். நம்மைப் போல் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். விமானத்துக்கு புரொப்பல்லர் செய்தார்கள், விமானமே கூடச் செய்தார்கள். 1921-ல் அவர்கள் விமானம் விழுந்து குடும்பத்தில் ஒருவரும் இறந்துபோக, விமானத் தொழிலை விட்டுவிட்டுக் கிணற்று பம்புக்கு மாறினார்கள்.

கடைசித் தம்பி கான்டிடோவின் மகன் கென்னத்துக்குக் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் சுழலும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். அதில் வலி குறைந்தது. ஆனால் எப்போதாவது ஒருமுறைதான். பம்ப் செய்து விற்கிற குடும்பம், வீட்டுத் தொட்டிக்குள்ளேயே இறக்கி வைக்கும்படி ஒரு சிறு பம்பைச் செய்தது. அதை 1956-ல் ஜே-300 என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 1968-ல் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜகூஸி பம்பையும் தொட்டியையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். இன்றைக்கு ஜகூஸி என்றால் ரிசார்ட் விளம்பரம். வலியில் அழுத ஒரு குழந்தைக்காகத் தகப்பன் தேடிய வழி அது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தக் கதையிலும் தொட்டியின் சுவர் அப்படியேதான் இருந்தது. தண்ணீரைத்தான் மாற்றினார்கள். குழந்தையைத் தூக்கி உள்ளே விடலாம். எழுபது வயது மனிதரை யார் தூக்குவது?

சுவரைக் கேள்வி கேட்டவர்கள்

சுவரைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமான சிலர் தாங்களே சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ இருந்தவர்கள், அல்லது அவர்களோடு தினமும் வேலை செய்தவர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமோதி நூஜென்ட் என்பவர், போரில் ஊனமுற்று வந்து படித்த மாணவர்களுக்காக வேலை செய்தார். அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியிலிருந்துதான் 1961-ல் அமெரிக்காவின் முதல் அணுகல் தர விதி வந்தது. இங்கிலாந்தில் செல்வின் கோல்ட்ஸ்மித் என்ற கட்டிடக் கலைஞர். 1956-ல் போலியோ வந்தது. 1963-ல், ஊனமுற்றோருக்கான கட்டிட வடிவமைப்பைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறைக்கே கைப்புத்தகம் ஆனது.

அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ். சிறுவனாக இருக்கும்போதே போலியோ. வட கரோலினாவில் கட்டிடக் கலை படிக்கப் போனபோது மாடிப்படியில் அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லை. அப்படிப் படித்து முடித்தவர்தான் "ஊனமுற்றோருக்கு என்று தனியாக வேண்டாம், எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தடவையில் கட்டுங்கள்" என்ற கொள்கைக்கு யூனிவர்சல் டிசைன் என்று பெயர் வைத்தார். 1990 ஜூலை 26-ல் அமெரிக்காவின் ஊனமுற்றோர் சட்டம் கையெழுத்தானது. அதன் தர விதிகளில் சொல்லியிருக்கிற குளியலறை அளவுகளைப் பாருங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம். பிடிகம்பி 33 முதல் 36 அங்குல உயரம். கம்பிக்கும் சுவருக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. 113 கிலோ பாரம் விழுந்தாலும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. நாற்காலியோடு உள்ளே போகிற ஷவருக்கு வாசல் தடுப்பு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது.

அரை அங்குலம்! அதாவது சுவர் காணாமலே போய்விட்டது. மேற்கத்திய உலகம் அத்தனை சுற்றுச் சுற்றி, கடைசியில் மொகஞ்சதாரோ வீட்டுத் தரைக்கு வந்து நின்றது.

கதவு வைத்த டப் என்பது இந்தப் பயணத்தில் பாதி வழியில் நிற்கிற சமரசம். சுவரும் இருக்கட்டும், வழியும் இருக்கட்டும் என்பது. தொட்டியில் அமிழ்ந்து குளித்தே பழகியவர்களுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது.

ஜப்பான்காரர்களும் அமிழ்ந்து குளிக்கிறவர்கள்தான். அதுவும் ஆழமான தொட்டியில். 2000 ஏப்ரலில் அங்கே முதியோர் பராமரிப்புக் காப்பீடு ஆரம்பித்தது. அதில் வீட்டில் பிடிகம்பி வைக்க, தரையின் ஏற்றத்தாழ்வை எடுக்க, வழுக்காத தரை போட 2 லட்சம் யென் வரையிலான செலவுக்குக் காப்பீடு உண்டு, ஒரு பங்கைத்தான் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். படுக்கையை விட்டே எழ முடியாதவர் என்றால் ஒரு நர்சும் உதவியாளர்களும் வேனில் மடக்குத் தொட்டியோடு வீட்டுக்கே வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறார்கள். குளியல் என்பது வசதி இல்லை, உரிமை என்று ஒரு நாடு கணக்கெழுதியிருக்கிறது. ஒரு பேங்க்காரனாக எனக்கு அந்த லெட்ஜர் ரொம்பப் பிடித்திருந்தது.

நம் நாட்டில் 1995-லும் 2016-லும் சட்டம் வந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளில் ஒரு பகுதியாவது கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்லது. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் பொதுக் கட்டிடங்களைப் பற்றியது. உங்கள் ஃபிளாட்டின் பாத்ரூமுக்குள் எந்தச் சட்டமும் வந்து எட்டிப் பார்க்காது. அங்கே நீங்கள்தான் அரசாங்கம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

அம்மாவுக்கு 74 வயதில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிப் படித்துறையில் குளித்து வளர்ந்தவர்கள். இங்கே வந்த முதல் வாரமே "தெனமும் எதுக்குப்பா குளிக்கணும், ஈரத்துணிய வச்சி தொடச்சிக்கிடுதேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். குளிக்கப் பிடிக்காமல் இல்லை. மருமகள் வந்து குளிப்பாட்ட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கதவு வைத்த டப் பார்க்கப் போனோம். விலை லட்சத்தில்தான் ஆரம்பம். ஆனால் என்னை யோசிக்க வைத்தது விலை இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிய பிறகுதான் தண்ணீரைத் திறக்க முடியும். குளித்து முடித்துத் தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும். டிசம்பர் மாதத்து புனே குளிரில் ஈர உடம்போடு அத்தனை நேரம் உட்கார வேண்டும். நடுவில் தலை சுற்றினால்? கதவு உள்பக்கம் திறக்கிற மாடலில், தண்ணீரின் அழுத்தமே கதவைத் திறக்க விடாது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. அப்படிப்பட்ட டப் ஒரு தடவைக்கு 150 லிட்டராவது கேட்கும். நம் நாட்டில் நகரத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் திட்டமிடுகிற அளவே 135 லிட்டர். எங்கள் கீசர் 25 லிட்டர். 60 டிகிரி வெந்நீரை 25 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 60 லிட்டர்கூட இல்லை. மூன்று தடவை கீசர் காய வேண்டும். அதற்குள் முதலில் விட்டது ஆறிப்போகும். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிற சொசைட்டியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அம்மாவிடம் டப்பின் படத்தைக் காட்டினேன். "இதுக்குள்ள உக்காந்து என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். தண்ணீரில் அப்படியே இருக்கலாம் என்றேன். "மேல சோப்பு போட்ட தண்ணியிலயே இருக்கணுமா? மேல ஊத்திக்கிட வேண்டாமா?" என்றார்கள். சரித்திரம் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நம் குளியல் ஊற்றிக்கொள்கிற குளியல். அதற்குச் சுவரே தேவையில்லை.

இருந்த டப்பையும் எடுத்தோம். தரையைச் சரிவு பார்த்து, வெளித்தரையோடு சமமாக்கினோம். ஆனால் ஊர் முறையை அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது. நம் பழைய குளியலறையில் சுவர் இல்லையே தவிர, மற்றதும் இல்லை. பிடிக்க எதுவும் இருக்காது, தரை பாசி பிடித்து வழுக்கும், உட்காரும் மணை ஆறு அங்குல உயரம்தான். அதிலிருந்து எழுந்திருக்க நல்ல முட்டி வேண்டும். ஆகவே தரை மொகஞ்சதாரோவிலிருந்து, பிடி பாத் நகரத்திலிருந்து, இருக்கையின் உயரம் ரொனால்ட் மேஸ் போன்றவர்களிடமிருந்து. 18 அங்குல உயர நாற்காலி, இரண்டு ஸ்டீல் கம்பி, கையில் பிடித்து ஊற்றிக்கொள்கிற ஷவர். பக்கத்தில் உயரமான ஸ்டூல் மேல் வாளியும் சொம்பும். சொம்பு அம்மாவின் நிபந்தனை. ஷவரை அவர்கள் நம்பவில்லை.

முதல் நாள் என் மனைவி உள்ளே துணைக்கு நின்றாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உள்ளேயிருந்து குரல் வந்தது: "நீ போம்மா, நா பாத்துக்கிடுதேன். கதவச் சாத்திட்டுப் போ." அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் எங்கள் முடிவே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வெந்நீரில் அமிழ்ந்திருப்பது வலிக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தால், உட்காரவும் எழவும் அவரால் முடியும் என்றால், கதவு டப் சரியாக இருக்கலாம். அப்போது கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாடலா, கீழ்ப்படி எத்தனை அங்குலம், வடிய எத்தனை நிமிடம் என்று கடையிலேயே கேளுங்கள். துணியோடாவது ஒருமுறை பெரியவரையே உள்ளே உட்காரவைத்துப் பாருங்கள். உங்கள் கீசரையும் மாடித் தொட்டியையும் கணக்கில் எடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தளம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கேட்பதில் தப்பில்லை.

வாடகை வீடு, டப்பை எடுக்க முடியாது என்றால் இரண்டு கால் டப்புக்குள்ளும் இரண்டு கால் வெளியிலும் நிற்கிற நீள பெஞ்ச் கிடைக்கிறது. வெளியே உட்கார்ந்து, நகர்ந்து உள்ளே போய், ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கலாம். சில ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

எந்த வழியானாலும் மூன்று விஷயம். துண்டு போடுகிற கம்பி பிடிகம்பி ஆகாது. டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது என்ன சுவர் என்று பார்த்து, அதற்கேற்ற ஆணியில் அடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கீசர் சூட்டைக் குறைத்து வையுங்கள், வயதானவர்களின் தோல் நம் தோல் இல்லை.

கடன் கேட்டு வருகிறவர்களின் எஸ்டிமேட்டில் மாடுலர் கிச்சனுக்கு நாலு லட்சம் இருக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒரு லட்சம் இருக்கும். பிடிகம்பி என்ற வரியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கம்பியும் நாற்காலியும் சேர்ந்தால் சீலிங்கில் ஒரு மூலைக்குக்கூட ஆகாது. ஊரிலிருந்து பெரியவர்களுக்கு டிக்கெட் போடுகிற அன்றைக்கே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், வாசல் தடுப்பு எத்தனை அங்குலம் என்று அளந்துவிடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால், அவர்கள் வந்து இறங்குவதற்குள் கொத்தனாரைக் கூப்பிட நேரம் இருக்கும்.